எழுதுகோலைப் பறிக்காத திருத்தம்

சென்ற மாதம் எங்கள் ஊர் மதரஸாவின் ஆண்டு விழாவையொட்டி, மாணவர்களும் ஊர் இளைஞர்களும் செய்த கைவேலைகளை மண்டபத்தின் ஒரு பக்கத்தில் வரிசையாக வைத்திருந்தனர். அவற்றின் நடுவே, கறுப்புச் சட்டமிட்டு, அரபு எழுத்தணியில் அமைந்த பிஸ்மி ஒன்று தொங்கியது. எழுதியவர் இருபத்திரண்டு வயது இளைஞர். பகலெல்லாம் தம் மாமாவின் இரும்புக் கடையில் அவருக்கு வேலை. இஷாத் தொழுகைக்குப் பின் வீட்டு மாடியில் எழுத்துப் பயிற்சி. ஆசிரியர் என்று எவருமில்லை. அச்சிட்ட மாதிரி நூல் ஒன்றும் கைப்பேசியில் பார்த்த படங்களுமே அவருக்குத் துணை.

அந்தச் சட்டத்தருகே சிறிது நேரம் அமர்ந்து, வருவோர் போவோர் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெரும்பாலோர் "மாஷா அல்லாஹ்" என்று கூறி, ஒரு படம் எடுத்துக்கொண்டு, அடுத்த மேசைக்கு நகர்ந்தனர். ஒருவர் மட்டும் நின்றார். நின்றவர், "இதையெல்லாம் இப்போது கம்ப்யூட்டரே அழகாக எழுதித் தருகிறதே, கையால் எழுதி ஏன் காலத்தை வீணாக்க வேண்டும்?" என்று இளைஞரின் காதில் விழும்படியே சொல்லிச் சென்றார்.

விழா முடிந்து விளக்குகளை அணைக்கும் நேரத்தில் அந்த இளைஞர் என்னிடம் வந்தார். "ஹஜ்ரத், ஒரு வருஷமாக எல்லாரும் மாஷா அல்லாஹ் என்றுதான் சொல்கிறார்கள். எங்கே தப்பு என்று யாரும் சொல்லவில்லை. நான் தேறுகிறேனா இல்லையா என்றே தெரியவில்லை. அத்தா கடையைக் கவனி என்கிறார். விட்டுவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

அவருடைய முறையீட்டை எண்ணிப் பாருங்கள். அவரை இகழ்ந்தவர் ஒருவர். புகழ்ந்தவர் நூறு பேர். ஆயினும் எழுதுகோலைக் கீழே வைத்துவிடலாமா என்ற எண்ணம் அவருக்கு அந்த நூறு பேரின் புகழ்ச்சிக்கு நடுவில்தான் தோன்றியிருக்கிறது. நம் வீடுகளில் ஓவியமோ, எழுத்தணியோ, கவிதையோ, பைத்தோ எதையேனும் ஆர்வத்தால் பயிலும் பிள்ளைகளுக்கு நாம் தரும் பாராட்டைப் பற்றியும் திருத்தத்தைப் பற்றியும் சில சொற்கள் எழுத வேண்டும் என்று தோன்றியது இதனால்தான்.

முதலில் அந்தப் பிஸ்மியையே பார்ப்போம். நான் எழுத்தணிக் கலைஞன் அல்லன். ஓதிய காலத்தில் ஓர் உஸ்தாதிடம் ஸுலுஸ், நஸ்க் ஆகிய இரு எழுத்து முறைகளையும் மூன்றாண்டுகள் பயின்றவன்; அக்கலையில் இஜாஸா பெறாதவன். ஆயினும் பார்க்கக் கற்றவன் என்ற அளவில் சொல்கிறேன்.

அந்த எழுத்தில் நான் கண்ட முதற் சிறப்பு, அதன் அடக்கம். பூவும் கொடியும் பொன்வண்ணமும் சேர்த்துக் கண்ணைப் பறிக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு எழவில்லை. வெள்ளைத் தாள், கருமை, நாற்புறமும் தாராளமான வெற்றிடம், அவ்வளவே. இரண்டாவது, ஸீன் எழுத்தை நீட்டிய துணிவு. பிஸ்மியின் தொடக்கத்தில் ஸீனை நீட்டி எழுதுவது முன்னோர் மரபு. அஞ்சியவர்கள் அதைக் குறுக்கிவிடுவர். இவர் அஞ்சவில்லை. அந்த நீட்சியால் சொற்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்திருக்கிறது. மூன்றாவது, அர்ரஹ்மான், அர்ரஹீம் என்னும் இரு சொற்களிலும் வரும் ஹே எழுத்து. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் போல் ஒத்திருக்கின்றன. ஓராண்டுப் பயிற்சியின் பயன் அங்கே தெரிகிறது.

இனிக் குறைகள். அர்ரஹ்மான் என்னும் சொல்லில் மீமுக்குப் பின் மேலே நிற்க வேண்டிய சிறு அலிஃப் இல்லை. மற்ற உயிர்க்குறிகளையெல்லாம் இட்டவர் இதை மறந்துவிட்டார். இது கலைக்குறை அன்று. அமானத்தில் நேர்ந்த குறை. திருமறைச் சொல்லை எழுதுகிறவர் அழகுக்கு முன்னால் எழுத்துக்குப் பொறுப்பாளி. ஆதலால் இதை முதலில் சொல்ல வேண்டும். சுவரில் மாட்டுவதற்கு முன்பே திருத்த வேண்டும்.

அடுத்து, அலிஃப்களின் உயரம். ஸுலுஸ் முறையில் அலிஃபின் உயரம் ஏறத்தாழ ஏழு புள்ளி. இவருடைய முதல் இரண்டு அலிஃப்களும் ஏழு புள்ளிக்குப் பொருந்துகின்றன. அர்ரஹீமின் அலிஃப் எட்டரைப் புள்ளிக்கு வளர்ந்துவிட்டது. நூனின் கிண்ணம் ஆழமாகிக் குடம்போல் ஆகிவிட்டது. நீட்டிய ஸீன், துணிவாக நீண்டதே ஒழிய, அடிமட்டம் வைத்து இழுத்த கோடுபோல் விறைத்து நிற்கிறது. அந்தக் கோடு நடுவில் மெல்லத் தாழ்ந்து எழ வேண்டும்.

இப்படி எண்ணிக்கொண்டே போனால் இருபது குறை சொல்லலாம். ஆனால் சட்டத்தைக் கழற்றி விளக்கருகே வைத்துப் பார்த்தபோது, மீமின் வாலிலும் நூனின் விளிம்பிலும் பென்சில் கோட்டின் தடம் தெரிந்தது. அப்போது காரணம் விளங்கியது. இவர் எழுத்தை எழுதவில்லை, வரைந்திருக்கிறார்! முதலில் பென்சிலால் விளிம்பு போட்டு, பிறகு தூரிகையால் உள்ளே மை நிரப்பியிருக்கிறார். அகலமாகச் சீவிய நாணற்கலத்தை ஒரே சாய்வில் பிடித்து எழுதினால், எங்கே தடிக்க வேண்டும், எங்கே மெலிய வேண்டும் என்பதைக் கலமே முடிவு செய்துவிடும். விளிம்பு போட்டு நிரப்பும்போது அதை ஊகத்தால் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. ஊகம் ஓரிடத்தில் பொருந்தும், ஓரிடத்தில் தவறும். நூனின் கிண்ணமும் ஸீனின் விறைப்பும் மூன்றாம் அலிஃபின் வளர்ச்சியும் இந்த ஒரே வேரில் கிளைத்தவை. ஆகவே அவரிடம் சொல்ல வேண்டியவை இரண்டே: சிறு அலிஃபை இடுங்கள், பென்சிலை வைத்துவிட்டுக் கலத்தை எடுங்கள்.

"அலிஃப் ஏழு புள்ளி" என்றேனே, அது யார் வகுத்த அளவு என்று வாசகர்கள் கேட்கலாம். பக்தாதில் அப்பாஸிய கலீஃபாக்களின் அமைச்சராக இருந்த இப்னு முக்லாவின் (ஹிஜ்ரி 272–328, கி.பி. 886–940) பெயரோடு வழங்கும் அளவுமுறை அது. கலத்தின் நுனியைத் தாளில் அழுத்தினால் விழும் சாய்சதுரப் புள்ளியே அளவுகோல். அலிஃபின் உயரத்தைப் புள்ளியால் அளந்து, அந்த அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்திலிருந்து மற்ற எழுத்துக்களின் வளைவுகளைக் கணக்கிட்டார். அரசியல் பகையால் அவருடைய வலக்கை துண்டிக்கப்பட்டது. சிறையில் உயிர் துறந்தார். அவர் வகுத்த அளவோ ஆயிரமாண்டு கடந்தும் நிற்கிறது. அவருக்குப் பின் அம்முறையை மெருகேற்றிய இப்னுல் பவ்வாப் (மறைவு கி.பி. 1022) ஒரு வாயிற்காவலரின் மகன்; தொடக்கத்தில் வீடுகளுக்கு வண்ண வேலை செய்தவர். ஹிஜ்ரி 391இல் அவர் பக்தாதில் எழுதிய திருக்குர்ஆன் பிரதி இன்று டப்ளின் நகரில் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது.

இந்தப் புள்ளியளவு கலைஞனுக்கு உதவியதைவிடத் திருத்துகிறவனுக்கு உதவியது அதிகம் என்பேன். அளவு இல்லாத இடத்தில் "எனக்குப் பிடிக்கவில்லை" என்றுதான் சொல்ல முடியும். கேட்பவனும் தன்னையே பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறான். அளவு இருக்குமிடத்தில் "உன் அலிஃப் ஒன்றரைப் புள்ளி உயர்ந்துவிட்டது" என்று சொல்லலாம். குறை எழுத்தின் மேல் நிற்கும். எழுதியவன் மனத்தில் தைக்காது. நாளைக்கே அவன் அதைத் திருத்திக்கொள்ளவும் முடியும்.

உதுமானிய ஆட்சிக் காலத்தில் இக்கலையைக் கற்பித்த முறை இதனினும் சிறப்பானது. அதை மஷ்க் என்பர். மாணவனின் முதற்பாடம், இறைவனிடம் இப்பணியை எளிதாக்கித் தரும்படி வேண்டும் சிறு துஆ. அதையே திரும்பத் திரும்ப எழுதி வர வேண்டும். பிறகு தனி எழுத்துக்கள். அதன்பின் இரண்டிரண்டாகச் சேர்ந்த எழுத்துக்கள். மாணவன் எழுதிய தாளை உஸ்தாத் பார்ப்பார். தவறிய எழுத்தை அடித்துவிட மாட்டார். அதன் மேலேயே திருத்தி எழுதவும் மாட்டார். அதற்குக் கீழே, பல வேளைகளில் சிவப்பு மையால், சரியான எழுத்தைத் தாமே எழுதி, வேண்டிய இடத்தில் புள்ளிகளிட்டு அளவையும் காட்டுவார். மாணவன் எழுதியது மேலே இருக்கும். எழுதியிருக்க வேண்டியது கீழே இருக்கும். இரண்டையும் ஒருசேரப் பார்த்துத் தன் கைக்கும் உஸ்தாதின் கைக்கும் உள்ள தொலைவை அவனே அளந்துகொள்வான்.

அந்தச் சிவப்பு எழுத்தில் மாணவனுக்கு இரண்டு செய்திகள் இருந்தன. உன் எழுத்து தவறு என்பது ஒன்று. உனக்காக என் கலத்தையும் நேரத்தையும் செலவிட்டேன் என்பது மற்றொன்று. ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட்ட பிறகும் மாணவர்கள் ஓடிப்போகாமல் நின்றதற்கு இரண்டாவது செய்தியே காரணமாக இருக்க வேண்டும். முடிவில் மாணவன் தகுதி பெற்றதும், அவன் எழுதிய பக்கத்தின் அடியிலேயே உஸ்தாத் இஜாஸா எழுதித் தருவார். அதன் பின்னரே தான் எழுதியதன் கீழ் தன் பெயரை இடும் உரிமை அவனுக்கு உண்டு. ஆகப் பாராட்டும் திருத்தமும் ஒரே இடத்தில்தான், மாணவன் எழுதிய வரிக்குக் கீழேதான், வந்து அமர்ந்தன.

இது பழங்காலத்துக் கதை, இன்றைக்கு ஆகுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவைச் சேர்ந்த முஹம்மத் ஸகரிய்யா என்பவரின் வரலாறு இதற்கு விடை. 1942இல் பிறந்தவர்; கலிஃபோர்னியாவில் இயந்திரத் தொழிலாளியாக இருந்தவர்; இஸ்லாத்தைத் தழுவி, அரபு எழுத்தணியைப் பெரும்பாலும் தாமாகவே கற்றுக்கொண்டவர். 1984இல் இஸ்தான்புல்லிலுள்ள இஸ்லாமிய வரலாறு, கலை, பண்பாட்டு ஆய்வு மையத்தின் அழைப்பின் பேரில் ஹஸன் செலெபியிடமும் அலீ அல்பர்ஸ்லானிடமும் மாணவராகச் சேர்ந்தார். இடையிலோ கடல்கள். பாடத்தின் பெரும்பகுதி அஞ்சல் வழியே நடந்தது. எழுதிய தாள்கள் போயின. திருத்திய தாள்கள் திரும்பி வந்தன. 1988இல் ஹஸன் செலெபியிடமும் 1997இல் அலீ அல்பர்ஸ்லானிடமும் இஜாஸா பெற்றார். 2001இல் அமெரிக்க அஞ்சல் துறை பெருநாள் வாழ்த்துத் தலை வெளியிட்டபோது அதன் எழுத்து இவருடையதே. நாற்பது வயது கடந்த ஒருவர், பல்லாண்டுகள் எழுதிப் பழகிய பின்பும், மாணவனாக அமர்ந்து தம் தாளைத் திருத்தத்துக்கு அனுப்பினார். அனுப்பும்போதெல்லாம் பார்ப்பதற்கு ஒருவர் இருந்தார். அந்த ஒருவர் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இருக்கிறாரா?

எழுத்தணிக்கு மட்டும் உரிய நெறியன்று இது. அரபுக் கவிதையின் பழங்கால வரலாற்றில், உக்காழ் சந்தையில் நாபிகாவுக்குச் சிவந்த தோலால் கூடாரம் அமைப்பார்கள். கவிஞர்கள் அவர் முன் தங்கள் கவிதைகளைப் பாடித் தீர்ப்புக் கேட்பார்கள். பின்னாளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கவிஞராகத் திகழ்ந்த ஹஸ்ஸான் இப்னு ஸாபித் (ரலி) அவர்கள் இளமையில் அங்கே பாடியதையும், முதலிடம் கிட்டாமற்போனதால் சினந்ததையும் இலக்கிய நூல்கள் கூறும். நாபிகா சினத்துக்குச் சினம் காட்டவில்லை. குலத்தின் விருந்தோம்பலையும் வீரத்தையும் புகழ வந்த இடத்தில், சிலவற்றை மட்டும் குறிக்கும் பன்மையால் பாத்திரங்களையும் வாள்களையும் சொல்லிவிட்டாய். பலவற்றைக் குறிக்கும் பன்மை கையில் இருந்ததே என்று சொல்லைத் தொட்டுக் காட்டினார் என்பர். இச்செய்தி பலவாறாக வழங்கினும், திறனாய்வு எப்படி இருக்க வேண்டும் என்று அரபுப் புலவர்கள் எண்ணினர் என்பதற்கு இதுவே சான்று. அவர் பேச்சு கவிதையைத் தொட்டது. கவிஞரின் குலத்தையோ வயதையோ தொடவில்லை.

இவ்வளவும் கற்ற நான், கற்றபடி நடந்தேனா என்றால், இல்லை. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாகாது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் ஓதிக்கொடுக்கத் தொடங்கிய முதலாண்டு. மாணவன் ஒருவன் நஸ்க் எழுத்தில் ஒரு பக்கம் எழுதி, இரு கைகளாலும் ஏந்தி வந்து என்னிடம் நீட்டினான். நான் அன்று வேறு எதற்காகவோ எரிச்சலில் இருந்தேன். வகுப்பு முழுவதும் கேட்கும்படி, "கோழி கிளறியதுபோல் இருக்கிறதே" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்குப் பின் அவன் எந்தத் தாளையும் என்னிடம் கொண்டுவரவில்லை. அண்மையில் ஒரு நிக்காஹ் வீட்டில் அவரைச் சந்தித்தேன். இன்று அவர் வெளியூரில் வணிகர், தலை நரைத்துவிட்டது. "இப்போது எழுதுவதுண்டா?" என்று கேட்டேன். "கணக்கு மட்டும்தான் எழுதுகிறேன் ஹஜ்ரத்" என்று மரியாதையோடு சொன்னார். அவர் மறந்திருக்கலாம். நான் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தை மனக்கண்ணில் விரித்துப் பார்க்கிறேன். வரிகள் கோணல்தான். ஆனால் சொல்லுக்குச் சொல் அவன் விட்ட இடைவெளி மிகச் சீரானது. அதை நான் சொல்லியிருக்கலாம்.

ஆகவே, நம் குடும்பத்தாருக்கும் ஆசிரியர்களுக்கும் சில வேண்டுகோள்கள். உங்கள் பிள்ளை ஒரு படைப்பைக் காட்டினால், முதலில் உட்கார்ந்து பாருங்கள். நின்றபடி சொல்லும் சொல் பெரும்பாலும் விடைகொடுக்கும் சொல்லாகிவிடுகிறது. அடுத்து, "எதைச் செய்ய நினைத்தாய்?" என்று கேளுங்கள். அவன் நினைத்ததைக் கொண்டுதான் அவன் செய்ததை அளக்க முடியும். பாராட்டும்போது இடம் சுட்டிப் பாராட்டுங்கள். "அழகு" என்ற ஒரு சொல்லால் அவன் எதையும் மீண்டும் செய்ய முடியாது. "இந்த இரண்டு ஹேயும் ஒத்திருக்கின்றன" என்றால் மூன்றாவது ஹேயையும் அப்படியே எழுதுவான். முகத்துக்கு நேரே அளவு கடந்து புகழ்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள் என்பதை நாம் அறிவோம். அளவோடு, உண்மையாக, இடம் சுட்டிப் புகழ்வது அந்தக் கண்டிப்புக்குள் வராது என்பதே என் எண்ணம்.

குறை சொல்லும்போது எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். வேரைத் தேடி ஒன்றிரண்டு சொல்லுங்கள். உங்களுக்கு அக்கலை தெரியாவிட்டால் அதில் வெட்கமில்லை. தெரிந்தவரிடம் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். இன்று தாளைப் படமெடுத்துத் தொலைவிலுள்ள ஆசிரியருக்கு நொடியில் அனுப்ப முடிகிறது. ஸகரிய்யா அஞ்சற்காரருக்காகக் காத்திருந்த நாட்கள்கூட நமக்கில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்ததை எப்போது காட்டப் போகிறாய் என்று கேட்டு, அந்த நாளை மறவாதிருங்கள்.

கம்ப்யூட்டர் எழுதித் தருகிறதே என்றவருக்கும் ஒரு சொல். அது எழுதித் தருவது உண்மை. அந்த இயந்திரத்துக்குள் இருக்கும் எழுத்தும் ஏதோ ஒரு கையின் பயிற்சியிலிருந்து எடுத்ததே. நம் கடற்கரையூர்களில் அரபுத் தமிழ் ஏடுகளை எழுதிய முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காக எழுத்துக்களில் புள்ளி கூட்டிப் புது வடிவங்களை அமைத்தனர். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அவ்வேடுகளைப் போற்றிய குடும்பங்கள் இருந்தன. அந்தக் கைகளின் வழியில் ஒரு கை இன்று மீண்டும் கலத்தை எடுத்திருக்கிறது. 2021இல் அரபு எழுத்தணியை மானுடத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியல் எங்கோ இருக்கட்டும். நம் வீட்டு மாடியில் எரியும் விளக்கை நாம் ஊதி அணைக்காதிருந்தால் போதும்.

அந்த இளைஞருக்கு நான் என்ன செய்தேன் என்று சொல்லி முடிக்கிறேன். அவருடைய பிஸ்மியில் நான் கை வைக்கவில்லை. வேறொரு தாளில், அவர் கொணர்ந்த கலத்தாலேயே, என் நடுங்கும் கையால் ஓர் அலிஃபையும் ஒரு நூனையும் எழுதி, பக்கத்தில் புள்ளிகளை இட்டுக் கொடுத்தேன். என் நூனும் முழுமையானதன்று. அதையும் அவரிடம் சொன்னேன். "விடலாமா என்ற கேள்விக்கு நாற்பது நூன் எழுதிய பின் விடை தேடுவோம், தம்பி" என்றேன். அவருடைய அத்தாவிடமும் பேசினேன். கடை கடையாக இருக்கட்டும், இரவில் ஒரு மணி நேரம் பிள்ளையினுடையதாக இருக்கட்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை.

பத்து நாள் கழித்து இளைஞர் வந்தார். தாள் நிறைய நூன்கள். பென்சில் தடம் இல்லை. முப்பத்தொன்பது நூன்கள் பழைய எழுத்தைவிட மோசமாக இருந்தன. வரைவதை விட்டு எழுதத் தொடங்குகிறவனுக்கு அப்படித்தான் இருக்கும். ஒரே ஒரு நூன், கீழ்வரிசையில் இடப்புறம், சரியான ஆழத்தில் அமர்ந்திருந்தது. அதன் கீழே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்தேன். அவர் அந்தப் புள்ளியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கலத்தைக் கொண்டு கற்றுக்கொடுத்த வல்ல நாயன், கற்கும் கைகளுக்கு உறுதியையும், திருத்தும் நாவுகளுக்குக் கனிவையும் தந்தருள்வானாக! ஆமீன்.